அளவுக் குச்சி தொலைந்த கூரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டு வீடுகளைப் பற்றி உங்கள் நாளிதழில் ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். கான்கிரீட் வெக்கையில் புழுங்கிச் சலித்தவர்கள் மறுபடியும் ஓட்டுக்குத் திரும்புகிறார்கள், பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் 1865இல் மங்களூரில் தொழிற்சாலை வைத்து இந்த ஓட்டைத் தொடங்கினார், வெயிலுக்குக் குளுமை, பார்வைக்கு அழகு என்றெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் அதைப் படித்துக்கொண்டிருந்த கூடத்தில், என் நாற்காலிக்கு இரண்டடி தள்ளி, ஒரு வாளி இருந்தது. அந்த வாளியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அரசுப் பேருந்தில் 31 வருடம் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாதிக் காலம் தென்காசி–திருநெல்வேலி, ஆலங்குளம் வழி. சொந்த ஊர் செங்கோட்டைக்குப் பக்கம். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். 1904இல் கொல்லம் ரயில் பாதை வந்த பிறகுதான் எங்கள் பக்கம் நாட்டு ஓடு குறைந்து சீமை ஓடு, அதாவது இந்த மங்களூர் ஓடு, பெருகியது என்று தாத்தா சொல்வார். அவர் கட்டிய வீட்டு ஓடும் கொல்லத்திலிருந்து ரயிலில் வந்ததுதானாம். பாகம் பிரித்து அந்த வீட்டை இடிக்கும்வரை நான் அதில்தான் இருந்தேன். அங்கேயும் ஒழுகியது உண்டு. தேங்காய் விழுந்து ஓடு உடைந்தால் ஒழுகும். அப்பா ஏணி போட்டு ஏறி, உடைந்ததை உருவிவிட்டு வேறு ஓட்டைச் செருகுவார். அத்தோடு ஒழுகல் நிற்கும். காரணம் தெரியாத ஒழுகல் என்று ஒன்றை அந்த வீட்டில் நான் கண்டதில்லை.

ஓய்வுப் பணத்தில் புது வீடு கட்டினேன். சமையலறைக்கும் குளியலறைக்கும் கான்கிரீட். கூடமும் இரண்டு அறைகளும் திண்ணையும் ஓடு. மரத்துக்கு விலை கட்டுப்படியாகாது என்று இரும்புச் சதுரப் பைப்பில் டிரஸ் என்கிற கூரைச் சட்டம் போட்டு, ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமான ரீப்பருக்கும் பைப்பையே வெல்டிங் வைத்து, மேலே மங்களூர் ஓடு. கூரை வேலை மட்டும் மொத்தக் குத்தகை 4,80,000 ரூபாய். உள்ளே ஜிப்சம் சீலிங் தனிக் கணக்கு. 2023 தை மாதம் பால் காய்ச்சினோம்.

ஆனி பிறந்ததும் சாரல் தொடங்கியது. வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் ஊர்ச் சாரல் மேலிருந்து விழுகிற மழை இல்லை. ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற மேற்குக் காற்றோடு சேர்ந்து, மாவு சலித்த மாதிரி, பக்கவாட்டில் வரும். குடை பிடித்தால் தலை நனையாது, மற்றதெல்லாம் நனைந்துவிடும். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அதில் நனைந்து சந்தோஷப்படுகிறார்கள். கூரைக்கு அது பரீட்சை. அந்த வருடம் சாரல் தொடங்கிய நாலாம் நாள் சீலிங்கில் தேயிலைத் தண்ணீர் கொட்டியது போல ஒரு கறை தெரிந்தது. முதலில் சப்பாத்தி அளவு. ஆடி முடிவதற்குள் சுளகு அளவு.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். மரியாதையான மனிதர், கூப்பிட்டால் வருவார், அதில் குறையில்லை. "புது ஓடு தண்ணி குடிக்கும் அண்ணாச்சி, ரெண்டு மழை பாத்தா சரியாயிரும்" என்றார். இரண்டு மழை போயிற்று. "கொரங்கு நகத்திருக்கும்" என்றார். எங்கள் ஊரில் குரங்குகளுக்குப் பஞ்சமில்லை, ஓட்டை நகர்த்துவதும் உண்மைதான். ஏறிப் பார்த்தோம், ஒரு ஓடும் நகரவில்லை. அப்புறம் மேலே ஏறி ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. "பாத்தீகளா?" என்றார். நானும் தலையாட்டினேன். பிறகு ஓட்டுக்கு மேல் அடிக்கிற ஒரு கெமிக்கல் பெயின்ட் என்று 11,000 ரூபாய் செலவு வைத்தார். ஓடு பளபளவென்று ஆனது. அடுத்த சாரலில் அதே இடம் ஒழுகியது. கடைசியாகச் சொன்னதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்த வாக்கியம்: "ஓடுன்னா கொஞ்சம் ஒழுகத்தான் அண்ணாச்சி செய்யும்."

ஊரில் பாதிப் பேர் இதை நம்புகிறார்கள். என் தம்பி நம்புகிறான். எனக்கு மட்டும் அது ஒட்டவில்லை. தாத்தா வீட்டில் எண்பது வருட ஓடு தாங்கிய சாரலை, வாங்கி ஐந்து மாதமான ஓடு ஏன் தாங்கவில்லை?

முதலில் ஓட்டைச் சந்தேகப்பட்டேன். மங்களூர் ஓட்டுக்கென்றே ஐ.எஸ். 654 என்று ஒரு தரக் குறிப்பு இருக்கிறது. ஓடு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. வெந்த ஓடு தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குடிக்காது என்பது வேலைக்காரர்கள் வாய்க்கணக்கு. மிச்சம் கிடந்த ஓடு ஒன்றைப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்தேன். 2 கிலோ 600 கிராம். ஒரு நாள் முழுக்கத் தொட்டியில் முக்கி வைத்து, துடைத்து, மறுபடியும் நிறுத்தேன். 2 கிலோ 950. விரலால் சுண்டினால் வெண்கலம் மாதிரிச் சத்தம். ஓட்டின் மேல் பழியில்லை. அந்த 11,000 ரூபாய் பெயின்டும் வீண் என்று அன்றைக்கே புரிந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் பக்கம் அந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் கொட்டித் தீர்த்தது. அந்த ராத்திரி, அதுவரை ஒரு கறையும் இல்லாத மூலை அறையில், ஜிப்சம் பலகை ஒன்று ஊறிப்போய்க் கட்டிலின் மேல் விழுந்தது. என் மனைவி எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரம், பிழைத்தாள். வேடிக்கை என்னவென்றால், சாரலில் ஒழுகிய கூடம் அன்றைக்குக் காய்ந்து கிடந்தது.

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. ஒரே பொத்தல் என்றால் எல்லா மழைக்கும் ஒழுக வேண்டாமா? பக்கவாட்டு மழைக்கு ஓர் இடம், நேர் மழைக்கு ஓர் இடம் என்றால், என் கூரையில் இருப்பது ஒரு கோளாறு இல்லை, குறைந்தது இரண்டு.

புளியரைப் பக்கம் ஓடு வேய்கிற பெரியவர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, 2024 சித்திரையில் அழைத்து வந்தேன். எழுபது தாண்டியவர். வாசலில் நின்று கூரையைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "சரிவு அடிக்கு எத்தனை அங்குலம்?" எனக்குத் தெரியவில்லை. டியூப் மட்டம் வைத்து அளந்தார். அடிக்கு நாலரை. "இந்த ஊர் காத்துக்கு ஆறாவது வேணும், தம்பி" என்றார். சரிவு குறைந்தால் தண்ணீர் ஓடாது, நடக்கும். நடக்கிற தண்ணீரைக் காற்று பின்னால் தள்ளும். தாத்தா வீட்டுக் கூரை நெட்டுக்குத்தாக நின்றது அழகுக்காக இல்லை என்பது அறுபது வயதில் எனக்குத் தெரிந்தது. சரிவைக் குறைத்தால் பைப் மிச்சமாகும். மிச்சமானது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் சீலிங்கை ஓர் ஓரத்தில் பிரிக்கச் சொன்னார். துணிக்குப் போடும் நீலத்தைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு மேலே ஏறினார். மேஸ்திரி மாதிரி மேலிருந்து ஊற்றவில்லை. கீழ் வரிசையில் தொடங்கி ஒவ்வொரு வரிசையாக மேலே போனார். அதுவும் ஊற்றவில்லை. வயலுக்கு மருந்தடிக்கிற கை ஸ்பிரேயரை நாலு தடவை கழுவி, அதில் நீலத் தண்ணீரை நிரப்பி, மேற்கிலிருந்து, ஓட்டுக்கு ஓடு ஏறுகிற வாயைப் பார்த்துக் கீழிருந்து மேலாக அடித்தார். "சாரல் எப்படி வருதோ அப்படித்தானே நாமளும் வரணும்" என்றார். ஒரு குடம் தண்ணீர் சோதனையில் என் கூரை ஏன் பாஸானது என்பது அந்த வாக்கியத்தில் விளங்கிவிட்டது.

ஏழு வரிசை வரை உள்ளே ஒன்றுமில்லை. என் மனைவி கீழே டார்ச் அடித்தபடி அண்ணாந்து நின்றாள். எட்டாவது வரிசையில் அடித்து நாலைந்து நிமிடம் இருக்கும். "வருது, வருது! நீலமா வருது!" என்று சத்தம். போய்ப் பார்த்தேன். எட்டாவது வரிசையில் நுழைந்த நீலம், சதுரப் பைப்பின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, விழாமல், ஒரு ஆள் உயரத்துக்கும் அதிகமாகக் கீழே இறங்கி, வெல்டிங் கட்டி ஒன்றில் தடுக்கி அங்கே சொட்டியது. கறை இருந்த இடத்துக்கு நேர் மேலே இத்தனை நாள் நாங்கள் பொத்தல் தேடியது எவ்வளவு முட்டாள்தனம்!

ஓட்டைக் கழற்றி டேப் வைத்தோம். எங்கள் ஓடு 41 சென்டிமீட்டர் நீளம். ஓட்டோடு ஓடு கவ்விக்கொள்கிற பூட்டு சரியாக விழ, ரீப்பருக்கு ரீப்பர் 32 வர வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஒன்பது சென்டிமீட்டர் ஏறும். கீழே ஏழு இடைவெளியும் பிசகாமல் 32. அதற்கு மேல் ஏழும் 36½. ஒன்பது ஏற வேண்டிய இடத்தில் நாலரைதான் ஏறியிருந்தது. பூட்டு எதிலும் விழவில்லை, ஓடு சும்மா படுத்திருந்தது. வெல்டிங் பையன் காலையில் அளவுக் குச்சி ஒன்று வெட்டி வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறான். சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் குச்சி டீ அடுப்புக்குப் போயிருக்க வேண்டும். ஓடு லோடு வந்து இறங்கியதே வெல்டிங் முடிந்து ஆறு நாள் கழித்து. கையில் ஓடு இல்லாமல் ஓட்டுக்கு ரீப்பர் அடித்திருக்கிறார்கள். வந்த ஓட்டை அதற்கு இழுத்துப் பரப்பிவிட்டார்கள். 16 வரிசை வர வேண்டிய சரிவில் 15 வரிசை. வரிசைக்கு 46 ஓடு, இரண்டு பக்கமும் சேர்த்து 92 ஓடு மிச்சம். மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய்.

மரக் கூரையாக இருந்தால் ஆணியைப் பிடுங்கி ரீப்பரை நகர்த்தி ஒரே நாளில் சரி செய்திருக்கலாம். வெல்டிங் வைத்த இரும்பை அறுத்தால்தான் உண்டு. மரத்திலிருந்து இரும்புக்கு மாறியதில் நாம் இழந்தது இந்த வசதி. தப்பைத் திருத்திக்கொள்ள மரம் இடம் கொடுத்தது. இரும்பு கொடுப்பதில்லை. அதனால் அளவு பார்க்க வேண்டிய நாள் ஒன்றே ஒன்றுதான், வெல்டிங்குக்கு முந்தின நாள். கூரையின் கீழ் ஓரமான இறவாணத்திலிருந்து உச்சியான முகடு வரை ஒரே ஒரு வரிசை ஓட்டைப் பூட்டுப் போட்டுத் தரையில் அடுக்கி, டேப்பில் அளந்து, அந்த அளவுக்கு ரீப்பர் வைத்தால் போதும். கால் மணி நேர வேலை.

முகட்டுக்கு வருகிறேன். முகட்டு ஓடும் ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் உட்காரும். காற்று மேற்கிலிருந்து வருகிற ஊரில் கிழக்கு ஓரத்திலிருந்து வைத்துக்கொண்டு வர வேண்டும். அப்போதுதான் மேற்கு ஓடு கிழக்கு ஓட்டின் மேல் ஏறும், சாரலுக்கு வாய் காட்டாது. என் வீட்டில் மேற்கிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். ஏன் என்று பெரியவர் கேட்டார். ஏணி அங்கேதான் சாத்தியிருந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. போதாததற்கு, முகட்டில் உட்கார்ந்து கலவை பூசியபோது சிந்திய சிமென்ட் கட்டிகள் கீழ் ஓடுகளின் பக்கவாட்டு வாய்க்காலில் விழுந்து இறுகிப்போயிருந்தன. அந்த வாய்க்கால் தண்ணீர் இறங்குவதற்காக ஓட்டிலேயே அச்சில் வார்த்த வழி. அதை அடைத்தால் தண்ணீர் கரை புரண்டு உள்ளேதான் போகும். ஒரு கோணி நிறையக் கட்டி பெயர்த்தோம்.

டிசம்பர் மழைக்குக் கட்டிலில் விழுந்த சீலிங்குக்குக் காரணம் கூடல்வாய். இரண்டு கூரைச் சரிவும் சேர்கிற அந்த மூலைக்கு அடியில் போட்ட தகரம் ஒரு அடி அகலம்கூட இல்லை. இரண்டு ஓரத்தையும் மடித்து விடவில்லை. ஓடு ஆடக் கூடாதென்று இருபுறமும் கலவை வேறு பூசி, தண்ணீர் ஓடும் இடத்தை நாலு விரல் அகலத்துக்குச் சுருக்கியிருந்தார்கள். அதில் பக்கத்து வீட்டுப் புளிய மரத்து இலை வந்து சேர்ந்துகொண்டது. சாதாரண மழைக்குத் தாங்கும். கொட்டுகிற மழைக்கு வாய்க்கால் நிரம்பி, தகரத்தின் ஓரம் தாண்டி, ஓட்டுக்கு அடியில் புகுந்துவிடும்.

சரி செய்ய மொத்தம் 74,000 ரூபாய் ஆனது. மேல் பாதி ரீப்பர் முழுக்க அறுத்து மறுபடி வெல்டிங், இரண்டு பக்கமும் ஒரு வரிசை கூடுதல் ஓடு, முகடு கிழக்கிலிருந்து புதிதாக, கூடல்வாய்க்கு இரண்டடி அகலத் தகரம் ஓரம் மடித்து. சரிவை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்கு டிரஸையே பிரிக்க வேண்டும். ஓட்டுக்கு அடியில் அலுமினியத் தகடு விரிக்கலாம் என்றார் பெரியவர். கையில் பணமில்லை. அதனால் காற்று முறுக்கி அடிக்கிற நாளில் மேற்கு ஓரத்தில் இன்னும் பத்துப் பதினைந்து சொட்டு வரும். முன்னே சொன்ன வாளி அதற்குத்தான்.

மேஸ்திரியிடம் கேட்கவில்லையா என்பீர்கள். கேட்டேன். "எழுதிக் குடுத்தேனா அண்ணாச்சி?" என்றார். அதுவும் நியாயம்தான். சின்னத் தொகை டிக்கெட்டுக்கும் சீட்டுக் கிழித்துக் கொடுத்து, சீட்டு வாங்காதவரை நடுவழியில் இறக்கிவிட்டவன் நான். 4,80,000 ரூபாய்க்கு ஒரு சீட்டு வாங்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும் என்று ஒரு வக்கீல் சொன்னார். "என்ன காகிதம் இருக்கு?" என்று அடுத்த கேள்வி. என்னிடம் இருந்தது ஒரு டைரியில் என் கையெழுத்தில் எழுதிய தேதிகள்தான்.

ஆகவே உங்கள் வாசகர்களில் யாராவது ஓட்டுக் கூரை போடப் போகிறார்கள் என்றால், ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒரே ஒரு பக்கமாவது எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சரிவு அடிக்கு எத்தனை அங்குலம், ரீப்பர் இடைவெளி எவ்வளவு, கூடல்வாய்த் தகரம் எத்தனை அடி அகலம் என்று எண்ணாகவே இருக்கட்டும். "நல்லபடியாகப் போட்டுத் தருகிறேன்" என்பதை அளக்க டேப் கிடையாது. பத்தில் ஒரு பங்குப் பணத்தை, ஒரு சாரலும் ஒரு ஐப்பசி மழையும் பார்த்த பிறகு தருவதாக எழுதுங்கள். எங்கள் பக்கத்துக்கு இதுதான் சரியான கெடு, இரண்டு மழையும் இரண்டு விதமாகச் சோதிக்கும். அதுவரை சீலிங் அடிக்காதீர்கள். வெறும் ஓட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு வருடம் இருந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். சீலிங் ஒழுகலை நிறுத்துவதில்லை, நமக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கிறது, அவ்வளவுதான். என் வீட்டில் சீலிங் இல்லாதிருந்தால் முதல் சாரலிலேயே தண்ணீர் எந்தப் பைப்பில் வருகிறது என்று கண்ணாலேயே பார்த்திருப்பேன்.

இன்னொன்று உள்ளாட்சிக்காரர்களுக்கு. என் வீட்டு வரைபடத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். செப்டிக் டாங்க் எத்தனை அடி, மழைநீர்த் தொட்டி எங்கே என்று எல்லாம் இருக்கிறது. கூரைக்கு ஒரு சாய்ந்த கோடு, அதன் மேல் 'ஓடு' என்று இரண்டு எழுத்து. சரிவு எவ்வளவு என்று எண் இல்லை. வரைந்தவரும் போடவில்லை, சீல் வைத்தவரும் கேட்கவில்லை. ஒரு எண் எழுதச் சொன்னால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

கடிதம் நீண்டுவிட்டது. வெட்டிக்கொள்ளுங்கள், 32 சென்டிமீட்டரை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அதுவும் எங்கள் ஓட்டுக்கு உள்ள கணக்கு, அவரவர் ஓட்டை அடுக்கி அவரவர் அளந்துகொள்ள வேண்டும். பெயரைப் போட வேண்டாம். மேஸ்திரி எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்கிறவர்கள்.

பக்கத்து மனையில் அவரே இப்போது ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். புதன்கிழமை கூரைக்கு வெல்டிங்காம், ஓடு இன்னும் வந்து இறங்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் என் மிச்ச ஓட்டில் பதினாறைப் பேரனின் சைக்கிளில் இரண்டு நடையாக வைத்துக் கொண்டுபோய், அங்கே மணலில் வரிசையாக அடுக்கிவிட்டு, பக்கத்தில் என் டேப்பையும் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இன்று காலையில் எட்டிப் பார்த்தேன். ஓடு அப்படியே இருக்கிறது. டேப்பை யாரோ எடுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர்,
செங்கோட்டை வட்டம், தென்காசி மாவட்டம்.